இந்தப் பக்கம் மேலே

சிவகாசி,
8.7.2025, செவ்வாய்க்கிழமை,
மாலை நாலே முக்கால், ராகுகாலம் கழிந்த பின்.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை லட்சுமிகாந்தம் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்த நாளிலிருந்து உங்கள் நலனைத் தவிர வேறொன்றும் நினைத்தறியாத அத்தான் கனகசபாபதி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் சுகம். அங்கு தூத்துக்குடியில் நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் எல்லா வகையிலும் சுகமாக இருக்கப் பத்திரகாளியம்மன் துணை நிற்பாள். மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லாமல் விடப்போவதில்லை.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போன் பண்ணினால் ஆகாதா என்று நினைப்பீர்கள். போனில் நான் மூச்சு விட்டாலே உங்கள் அக்கா சமையலறையிலிருந்து "யாரு, தம்பியா?" என்று கேட்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன தடவை உங்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் அனுப்பிய ரகசியம் குடும்பக் குழுவில் விழுந்து, நாற்பத்தொரு பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள். ஆகவே நம் அச்சகத்தில் கழிவாகி நின்ற தினசரிக் காலண்டர் தாள்களின் முதுகில் எழுதுகிறேன். மறுபக்கத்தில் இருக்கிற சந்திராஷ்டமத்தைப் படித்துக் கலங்க வேண்டாம், அது போன வருடத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வருவதற்கு எனக்குத் தைரியம் இல்லை, இருந்தாலும் வருகிறேன். என் மகள், உங்கள் மருமகள் சுகிர்தா, உங்கள் வீட்டில் தங்கித் தூத்துக்குடியில் கல்லூரி படித்த காலத்தில், துறைமுகத்துப் படகுச் சங்கத்தில் சேர்த்து அவளுக்குப் பாய்மரப் படகு ஓட்டப் பழக்கிவிட்டீர்கள். அதோடு நின்றீர்களா? படிப்பு முடிந்ததும் சங்கத்தில் கழித்துப்போட்ட பத்தடிப் படகு ஒன்றை உப்பு லாரியில் ஏற்றி அவளுக்குப் பரிசாக அனுப்பிவைத்தீர்கள். கடல் என்றால் காலண்டரில் மட்டும் பார்க்கிற ஊர் இது. லாரி வந்து நின்றபோது தெருவே கூடி, நான் எலெக்‌ஷனில் நிற்கப்போகிறேன், சின்னம் படகு என்று முடிவு கட்டிவிட்டது. கடைசியில் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி பலவேசம் ஆனைக்குட்டம் அணைக்கரையில் இருக்கிற தன் தோப்பில் ஒரு தகரக் கொட்டகையை ஒதுக்கித் தந்தார். எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை வைத்திருக்கிறாரே, அதே பலவேசம்தான். படகு அங்கே குடியேறியது.

அந்தப் படகின் வயிற்றில் நடுவாக நீளமாக ஒரு பொந்து இருப்பதும், அதற்குள் மேலிருந்து ஒரு பலகையைச் செருகினால் அது அடியில் தண்ணீருக்குள் தொங்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது உங்களைவிட நன்றாகத் தெரியும். பலகை இருந்தால்தான் காற்றடிக்கும்போது படகு பக்கவாட்டில் வழுக்காமல் நேராகப் போகும், கரைக்கு வரும்போது அதை உருவிவிட வேண்டும், ஓடும்போது அது மிதந்து மேலே வரவும் கூடாது, கவிழ்ந்தால் கழன்று விழவும் கூடாது. இவ்வளவுக்கும் என்ன செய்வது என்று ஒருநாள் சுகிர்தாவிடம் கேட்டேன். "ஒரு ரப்பர் கயிறு, ஒரு முடிச்சு. நாம இழுத்தா வந்துரணும்ப்பா, நாம இழுக்காட்டி வரக்கூடாது. அம்புட்டுத்தான்" என்றாள். அம்புட்டுத்தான்! மாப்பிள்ளை, அந்த அம்புட்டில்தான் நான் அழிந்தேன்.

போன தைப்பொங்கலுக்கு அவள் வேலை பார்க்கிற பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது நடந்தது உங்களுக்கு உங்கள் அக்கா சொன்ன மாதிரிதான் தெரியும். நான் சொல்கிற மாதிரியும் கேளுங்கள், வித்தியாசம் ஒன்றும் இல்லை, தப்பு என் பேரில்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விருதுநகரிலிருந்து ஒரு நல்ல இடத்தைப் பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டேன். முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்பாள், நேரில் பார்த்தால் மனசு மாறும் என்று ஒரு கணக்கு. அவள் அணையில் படகு ஓட்டிவிட்டு, நனைந்த துணியும் தோளில் சுருட்டின பாயுமாக வீட்டுக்குள் வந்தாள். ஹாலில் பதினோரு பேர் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார்கள். "வாங்க" என்றாள், துணி மாற்றிவந்து எல்லோருக்கும் காபி கொடுத்தாள், அவர்கள் போனபின் என்னிடம், "வாராகன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லப்பா" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மறுநாளே கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது பழைய போர்வையில் சுற்றின நீளமான ஒரு கட்டை நான்தான் தோளில் சுமந்துபோய் பஸ்ஸில் ஏற்றினேன். வேறென்ன, வீட்டு இஸ்திரிப் பலகைதான். இஸ்திரிப் பலகையைக்கூட எடுத்துக்கொண்டு போகிறாளே, இனி இந்த வீட்டில் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதே என்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கண் கலங்கியது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் பண்ணுவாள். "போட் எப்பிடிப்பா இருக்கு?" என்பாள். "நல்லா இருக்கும்மா." "தண்ணி எம்புட்டு கெடக்கு?" நான் சொல்வேன். "சரிப்பா, அம்மாட்ட குடுங்க." இரண்டு நிமிஷம். இந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஆனைக்குட்டம் போய், தண்ணீரைப் பார்த்து, படகைத் துடைத்து, மேலே ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் அதையும் குறித்துக்கொண்டு வருவேன். மீன்கொத்தியைச் சொன்னால் இன்னொரு அரை நிமிஷம் பேசுவாள். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் அந்தப் படகைத் தவிரப் பேச்சு இல்லை மாப்பிள்ளை. அதைத்தான் நான் என் கையாலேயே கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் வாயால் வந்தது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட வேண்டும் என்று, பலவேசத்திடம் அவர் கம்பெனிக் காலண்டருக்கு எந்தச் சாமி படம் போட என்று கேட்கப் போனேன். "சாமி படமே வேண்டாம்லே கனகு" என்றார். "வருசம் முடிஞ்சா சாமியைக் கழட்டிக் குப்பையில போட எங்க வீட்டுப் பொம்பளைக சம்மதிக்க மாட்டேங்காக. செவத்துல பதினோரு முருகன் தொங்குதாரு. கப்பல் படம் ஒண்ணு போடு, பாயில நம்ம கம்பெனி பேரு இருக்கணும்." நான் உடனே வந்து கம்ப்யூட்டரில் ஒரு கப்பலைத் தயார் செய்திருக்கலாம். செய்யாமல், "கப்பலுக்கு எங்கயும் போக வேண்டாம்லே, உன் தோப்புலயே நிக்குது. நானே ஓட்டுவேன்" என்று சொன்னேன். சுகிர்தா ஓட்டியதைக் கரையில் நின்று இரண்டு முறை பார்த்ததுதான் என் அனுபவம். எனக்கு நீச்சல் தெரியாது என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

போன மாதம் இருபத்தொன்று, சனிக்கிழமை, ஆனிக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. போட்டோ எடுப்பவர் கரையில். பலவேசம் பட்டுச் சட்டையில். பாயின் மேல் 'பலவேசம் ஃபயர்ஒர்க்ஸ்' என்று ஃப்ளெக்ஸ் தைத்தாயிற்று. பொந்துக்குள் பலகை செருகியே இருந்தது. படகைத் துடைக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டதுதான், அன்றுதான் முதன்முதலாகக் கவனித்துப் படித்தேன். அதன் தலையில் ஆங்கிலத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறியோடு அச்சடித்து, பக்கத்தில் ஒரு குடைப் படமும் ஒரு கண்ணாடித் தம்ளர் படமும் போட்டிருந்தது. கடல்காரர்களின் ஒழுங்கைப் பாருங்கள் என்று பலவேசத்திடம் சிலாகித்தேன். குடை மழையில் ஓட்டக்கூடாது என்பதற்கு, தம்ளர் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்பதற்கு. "நம்ம பட்டாசுப் பெட்டியிலயும் இதே மாதிரித்தான்லே போட்டிருக்கு" என்றார் பலவேசம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே சட்டம்தான் இருக்கும் என்று அவர் வாயை அடைத்தேன்.

ஏறுவதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து தரையை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டார். வெடிமருந்து ரூமுக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கத் தகட்டைத் தொடுவது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். தொட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாய்க் கயிற்றை இழுத்தேன். படகின் மூக்கு வடக்கே பார்த்திருக்க, உடம்பு கிழக்கே போனது. "ஏலே, நண்டு மாதிரில்லா போகுது!" என்று பலவேசம் அலற, கரையிலிருந்து போட்டோக்காரர், "அண்ணாச்சி, எந்திரிச்சு கம்பெனி பேரைக் காட்டுங்க, சிரிங்க" என்று கத்த, இவர் எழுந்து சிரித்தார். அடுத்து நான் பார்த்தது தண்ணீரின் உட்புறம். என் ஆயுள் முடிந்தது, சுகிர்தாவிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தபடி நான் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்து பலவேசத்தின் குரல் கேட்டது. "காலை ஊணுலே கனகு. தரை இருக்கு." ஊன்றினேன். கழுத்தளவுதான் இருந்தது. அப்படியே நிமிர்ந்து பார்த்தபோது பலகை பொந்திலிருந்து கழன்று, அம்புக்குறியும் குடையும் தம்ளருமாக எங்களுக்கு முன்னால் மிதந்து எதிர்க்கரைக் கருவேலங்காட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

மூன்று நாள் முள்ளுக்குள் தேடினேன். என் கையிலும் காலிலும் இருக்கிற கீறலைப் பார்த்து, "அச்சகத்துல பூனை வளக்கீகளா?" என்று உங்கள் அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது தினமும் பூனைக்கென்று ஒரு டப்பாவில் பாலும் கொடுத்துவிடுகிறாள், அதையும் நானே குடிக்கிறேன். பலகை கிடைக்கவில்லை, யார் வீட்டு அடுப்புக்குள்ளோ போய்ச் சேர்ந்திருக்கும். கவிழ்ந்த மறுநாள் ஞாயிறு பதினொரு மணிக்கு, "போட் எப்பிடிப்பா இருக்கு?" "நல்லா இருக்கும்மா." பெற்ற மகளிடம் முதல் பொய். அடுத்த ஞாயிறு இரண்டாவது.

சரி, புதிதாக ஒன்று செய்து பழைய மாதிரியே செருகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பலவேசம் தன் கம்பெனிக்கு மரப்பெட்டி அடிக்கிற பாண்டிச்செல்வம் ஆசாரியை அழைத்துவந்தார். பழைய பலகை கொஞ்சம் குட்டை என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தபடியால், நீளம் தாராளமாக இருக்கட்டும் என்று நாலரை அடி சொன்னேன். வேங்கை மரத்தில் இழைத்து இழைத்துத் தங்கமாகச் செய்து தந்தார். மிச்சம் என் வேலை. போட்டோவில் பழைய பலகையின் தலை தெளிவாக விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கி, எழுத்தின் பருமன், அம்புக்குறியின் சாய்வு, குடையின் கம்பி எண்ணிக்கை உட்பட ஒப்புநோக்கி, ஸ்கிரீன் வைத்து நானே அச்சடித்தேன். முப்பத்தைந்து வருட அச்சக வாழ்க்கையில் இப்படி ஒரு சுத்தமான வேலை செய்ததில்லை. பார்த்தால் நீங்களே ஏமாந்துபோவீர்கள்.

ஆனால் பொந்துக்குள் அது லொடலொடவென்று ஆடியது. திரும்பவும் மிதந்து போனால் நான் எங்கே போவது? ஆசாரி, "குறுக்க ஒரு ஓட்டை போட்டு நீளமா இரும்பு போல்ட்டு குடுத்துட்டா அசையாதுங்க" என்றார். நல்ல யோசனைதான். பலவேசம் இரண்டடி பின்னால் போய்விட்டார். "இரும்பா? ஒரசுனா பொறி கிளம்பும்லா!" "தண்ணிக்கு நடுவுல எப்பிடிங்கண்ணாச்சி பொறி வரும்?" "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க எடத்துல இருந்து கிளம்புற எதுலயும் இரும்பு கூடாது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா யாரு பதில் சொல்லுறது?" அணைக்கட்டுப் படகுக்கு எந்த இன்ஸ்பெக்‌ஷன் என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை, கொட்டகை அவருடையது. பித்தளை போல்ட்டு வர பத்து நாள் ஆகுமாம். போன ஞாயிற்றுக்கிழமை, அதாவது நான் மூன்றாவது பொய்யைச் சொன்ன அன்று, சுகிர்தா வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றும் சொன்னாள். "சனிக்கிழமை வாரேம்ப்பா. தண்ணி வத்துறதுக்குள்ள ஒரு ஓட்டம் ஓட்டிரணும்." ஆறு மாதத்துக்குப் பிறகு வருகிறாள். சந்தோஷத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், பயத்தில் உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானமே பலவேசம் தன் ஆலையிலிருந்து வேலுத்தாயை வேனில் அழைத்துவந்தார். அணுகுண்டு வெடிக்குச் சணல் நூல் சுற்றுவதில் அந்த வட்டாரத்திலேயே அந்தம்மாவை அடிக்க ஆள் கிடையாது, இருபத்திரண்டு வருட அனுபவம். கூடவே நூல் உருண்டையும் ஒரு வாளி பசையும் வந்தன. படகை இரண்டு டிரம் மேல் ஏற்றி, பலகையை அடியில் தொங்கவிட்டு வைத்திருந்தோம். வேலுத்தாய் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "திரி எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று கேட்டாள். திரி கிடையாதும்மா என்றேன். "திரிக்கு எடம் விடாம சுத்தி எனக்குப் பழக்கமில்லையே" என்று மனம் கேட்காமல் ஒரு விரற்கடை விட்டுத்தான் ஆரம்பித்தாள். பலகையின் தலையையும் படகின் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து ஒரு சுற்று நூல், ஒரு பூச்சு பசை, வெயில். மறுபடி நூல், பசை, வெயில். ஏழு சுற்று. சுகிர்தா சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இழுத்தா வாற மாதிரி இருக்கணும்மா" என்றேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இழுத்தா வாரதுக்கா அண்ணாச்சி என்னை இம்புட்டு தூரம் கூட்டியாந்தீக? நான் சுத்துனா வெடிச்சாத்தான் பிரியும்." பலவேசம் பெருமையாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன் மாப்பிள்ளை. அந்த நேரத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று திங்கட்கிழமை காலை சோதனை ஓட்டம். லோடு ஏற்றுகிற ஆட்கள் எட்டுப் பேர் படகைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீர் வரை போய் இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். பாயை இழுத்தேன். படகு நேராகப் போனது! மூக்கும் உடம்பும் ஒரே திசையில்! முகத்தில் காற்று, அடியில் சளசளவென்று தண்ணீர். என் மகள் இதற்காகத்தான் பெங்களூரிலிருந்து ஓடி வருகிறாளா, நான் ஏன் ஒரு நாளும் அவளோடு ஏறி உட்காரவில்லை என்று ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாக எனக்குத் தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் தடக்கென்று நின்றது. நாலரை அடிப் பலகை சேற்றில் இறங்கிவிட்டது. ஆனிக் காற்று விடுகிறதா? படகை அந்தப் பலகை மேலேயே வைத்துச் சுற்றியது. நான் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, கரை, தோப்பு, பலவேசம், கருவேலங்காடு, மறுபடி கரை, தோப்பு, பலவேசம் என்று ஏழெட்டு முறை எல்லாம் என் கண்முன் வந்துவந்து போயின. பிறகு வாந்தி வந்தது.

எட்டுப் பேரும் தள்ளினார்கள், இழுத்தார்கள், தூக்கினார்கள். அசையவில்லை. பலகையை மேலே உருவலாம் என்றால் சணல் தண்ணீரில் ஊறி முன்னைவிட இறுகிவிட்டது. அரிவாளால் வெட்டலாம் என்றால் இரும்பு கூடாது என்று பலவேசம் மரக்கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார், அது முறிந்தது. வேலுத்தாயை மறுபடி அழைத்து அவிழ்த்துத் தரச் சொன்னோம். "சுத்தத்தான் தெரியும் அண்ணாச்சி. அவுக்குற சோலி எங்களுக்கு இன்னைவரைக்கும் வந்ததில்லையே" என்றாள். உண்மைதானே. அதன்பிறகு பலவேசம் அவள் திரிக்கு விட்டிருந்த அந்த விரற்கடை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏலே, சின்னதா ஒண்ணே ஒண்ணு..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே நான் அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

இதை எழுதுகிற இந்த நிமிஷத்தில் படகு அணைக்கு நடுவில், பாயில் பலவேசம் பேரைத் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. கொக்குகள் உட்கார்கின்றன. ஆனைக்குட்டத்து ஜனங்கள் குடும்பத்தோடு வந்து செல்பி எடுக்கிறார்கள். பலவேசமோ வெட்கமே இல்லாமல் அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாராம். எனக்குக் கட்டிப்போடத்தான் தெரிகிறது மாப்பிள்ளை, எதைக் கட்டினாலும் அவிழ்க்க முடியாதபடி கட்டிவிடுகிறேன், இல்லையென்றால் கைநழுவ விட்டுவிடுகிறேன், நடுவில் ஒரு முறை இருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்தும் எனக்கு வரவில்லை. சனிக்கிழமை அவள் வந்து அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தொடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்று மறுபடி ஒரு தடவை சத்தம் போடாமல் சொன்னால் நான் தாங்கமாட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவள் என்னிடம் எதைக் கேட்பாள்?

ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: ஒன்று, அங்கே சங்கத்தில் அதே மாதிரிப் படகைப் பார்த்து, அதே அளவில் ஒரு நடுப்பலகை செய்து, வெள்ளிக்கிழமைக்குள் பார்சல் வேனில் அனுப்பிவையுங்கள். எழுத்து, குடை, தம்ளர் எதுவும் போட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு, சேற்றில் நிற்கிற படகைக் கரை சேர்க்கக் கடல்காரர்கள் என்ன செய்வார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். மூன்று, உங்கள் அக்காவுக்கும் சுகிர்தாவுக்கும் இதில் ஒரு எழுத்தும் தெரியக்கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நீண்ட ஆயுளோடும், முக்கியமாக நீச்சலோடும் வளர ஆசீர்வதிக்கிறேன். உங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்ன செய்வதென்று தெரியாமல்,
அத்தான் கனகசபாபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது போன் வந்தது. இன்று செவ்வாய்க்கிழமை, மணி ஆறரை, சுகிர்தா. பலவேசத்தின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டாள். நான் பூனை வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எதிர்ப்பக்கம் விக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அது நடுப்பலகையே இல்லப்பா" என்கிறாள். கொட்டகையில் பொந்துக்குள் பாம்பு, ஓணான் அடையாமல் இருக்க அவள் செருகிவைத்துப் போனது, நீங்கள் லாரியில் சாமான் அனுப்பியபோது வந்த பெட்டியில் இருந்து பெயர்த்த பலகையாம். நான் குடைக்கம்பியை எண்ணி அச்சடித்ததைச் சொன்னபோது மூச்சு முட்டச் சிரித்தாள். நிஜப் பலகையும் ரப்பர் கயிறும் பெங்களூரில் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றனவாம். தைமாதம் போர்வையில் சுற்றி நான்தான் அழுதுகொண்டே சுமந்துபோய்ப் பஸ்ஸில் ஏற்றினேனாம். "அது இங்க இருந்தா, நீங்க எடுத்து யாருக்காவது ஓட்டிக் காட்டுவீகன்னு தெரியும்ப்பா. அதோட, அது எங்கிட்ட இருந்தா நான் திரும்பி வந்துதான ஆகணும்" என்றாள். போனை வைக்காமலே போய்ப் பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். இஸ்திரிப் பலகை அங்கேயேதான் நிற்கிறது, ஆறு மாதத்துத் தூசியோடு. படகைக் கரை சேர்க்க அதைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு இழுத்தால் போதுமாம், எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினாள், அம்மாவிடம் கொடுக்கச் சொல்லவே இல்லை. எனவே பலகை அனுப்ப வேண்டாம், யோசனையும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை நானும் கூட ஏற வேண்டும் என்று உத்தரவு. அதனால் பலகைக்குப் பதிலாக நாற்பத்துநாலு அங்குலச் சுற்றளவில் ஒரு மிதவைச் சட்டை அனுப்பிவையுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று மட்டும் அதில் தெளிவாக எழுதி அனுப்பவும்.